கீரையும் தயிரும்

கொழும்பு நகரின் கிழக்கெல்லையை அடுத்து, களனி கங்கைக்குத் தெற்கே அமைந்த கொலன்னாவை, நீரோடு உறவு பூண்ட ஊர். மேட்டு நிலத்திலே வீடுகளும் கடைத்தெருக்களும், தூரத்திலிருந்தே கண்ணிற்படும் பெரிய எண்ணெய்த் தாங்கிகளும் உள்ளன. தாழ்ந்த நிலத்திலோ சதுப்பும், கால்வாய்களும், ஒரு காலத்தில் நெல் விளைந்து பின்னர் கைவிடப்பட்ட வயல்களும் பரந்து கிடக்கின்றன. இந்த ஈர நிலத்தின் ஓரங்களிலேதான் கங்குனும், பொன்னாங்காணியும், வல்லாரையும் பாத்தி பாத்தியாகப் பயிராகின்றன. விடியுமுன் அறுக்கப்பட்டு, கட்டுக் கட்டாகக் கட்டப்பட்டு, நீர் சொட்டச் சொட்டச் சந்தைக்குச் செல்லும் இக்கீரை, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு வீட்டின் மதிய உணவில் வந்து சேர்கின்றது.

சேருமிடத்துக்கேற்ப அதன் கோலமும் மாறுகின்றது. சிங்கள இல்லங்களில் வல்லாரையை நூல்போல் அரிந்து, தேங்காய்த் துருவலும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் கூட்டிச் சம்பலாக்குவர். வேறு இலைகளைச் சற்றே வாட்டி மல்லுங் செய்வர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியோர் வீட்டில் கீரை வறையும் கடையலும் தவறாமல் இடம்பெறும். முஸ்லிம் இல்லங்களில் புரியாணிக்குத் துணையாக மிஞ்சிச் சம்பல் வரும். மிஞ்சி என்பது புதினாவுக்கு இந்நாட்டில் வழங்கும் பெயர். இவை யாவற்றுக்கும் நடுவே, ஆரவாரமின்றி ஒரு சிறு கிண்ணத்தில் வந்தமரும் பதார்த்தம் ஒன்றுண்டு. அதுவே கீரைத் தயிர்ப் பச்சடி. செய்வதற்கு அரைமணி நேரம் வேண்டியதில்லை, செலவும் மிகுதியன்று, உறைப்பான கறியோடு உண்ணும்போது நாவுக்கு அது தரும் ஆறுதலுக்கு ஈடில்லை.

எனினும், எளிய இப்பதார்த்தம் சமைத்த கறிகளிலிருந்து ஒரு முக்கிய விடயத்தில் வேறுபடுகின்றது. கறி கொதிக்கின்றது, பச்சடி கொதிப்பதில்லை. கொதி வெந்நீரும் நெருப்பும் சமையலறையிற் செய்யும் காவற்பணியை இங்கே கைகளும் கண்களுமே செய்தாக வேண்டும். ஆகையினால், பச்சடியின் நலத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் கீரை எங்கே முளைத்தது, எந்த நீரிலே நனைந்தது என்ற வினாவிலிருந்தே தொடங்குதல் முறையாகும்.

2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை கரைபுரண்டபோது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் கொலன்னாவையும் ஒன்று. வெள்ளம் ஏறும்போது கால்வாயும், கழிவுக்குழியும், கீரைப் பாத்தியும் ஒரே நீராகிவிடுகின்றன. வெள்ளமில்லாத நாட்களிலும் நகர்ப்புறக் கால்வாய் நீர் தூய நீரன்று. வயிற்றோட்டத்துக்கும் நெருப்புக் காய்ச்சலுக்கும் காரணமான கிருமிகளும், குடற்புழுக்களின் முட்டைகளும் அவ்வாறான நீரிலிருந்து இலையின் மடிப்புகளிலும், தண்டின் அடியிலும், வேரோடு ஒட்டிய சேற்றிலும் தங்கக்கூடும். கட்டைப் பிரிக்காமலே குழாயின் கீழே காட்டிவிட்டு அரியத் தொடங்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது கழுவுதலன்று, கீரைக்குச் செய்யும் உபசாரம் மட்டுமே.

செய்ய வேண்டிய முறை இது. கட்டை அவிழ்த்து, வேரையும் வேரை அடுத்த தண்டையும் முதலிலே வெட்டி எறிந்துவிடுக. மஞ்சளித்த இலை, பூச்சி கடித்த இலை, நசுங்கிய இலை என்பவற்றை நீக்குக. எஞ்சியதை அகன்ற பாத்திரத்து நீரில் அமிழ்த்திக் கையால் அலைத்து, சற்று நேரம் விட்டால் மண் அடியிலே படியும். அப்போது பாத்திரத்தைச் சரித்து நீரை வடித்தல் கூடாது. வடித்தால் படிந்த மண் மீண்டும் இலைமேல் ஏறும். கீரையைக் கையால் அள்ளி மேலே எடுத்து, நீரை ஊற்றிவிட்டு, புது நீரில் மீண்டும் இடுதல் வேண்டும். நீரின் அடியில் ஒரு துகளும் காணாத வரையில் இதனைத் திரும்பச் செய்க. மூன்று முறையாயினும் ஆகும். மழைக்காலத்தில் ஐந்து முறையும் ஆகும். இறுதியில் ஓடும் நீரில் ஒவ்வொரு பிடியாக விரித்துக் காட்டி எடுக்கலாம். உப்பு நீரில் ஊறவைத்தால் எல்லாக் கிருமியும் இறந்துபடும் என்று பலர் நம்புகின்றனர். உப்பு நீர் சிறு பூச்சிகளை இலையினின்று கழலச் செய்யும். கிருமிகளைக் கொல்லும் என்று அதனை நம்பியிருத்தல் தகாது.

கர்ப்பிணிப் பெண்கள், சிறு குழந்தைகள், முதியோர், நோயினின்று தேறி வருவோர் ஆகியோர் உண்ணும் பச்சடிக்குப் பச்சை இலையை இடாமல் இருப்பதே விவேகம். கொதிக்கும் நீரில் கீரையை ஒரு நிமிட நேரம் அமிழ்த்தி எடுத்து, உடனே குளிர்ந்த குடிநீரில் இட்டால் நிறமும் கெடாது, பெரும்பாலான கிருமிகளும் ஒழியும். வெந்நீரால் சிறிதளவு உயிர்ச்சத்து சீ குறையுமென்பது உண்மையே. அந்த இழப்பு வயிற்றோட்டத்தால் உண்டாகும் இழப்பிலும் மிகச் சிறியது.

ஆனால் நீருக்கும் நெருப்புக்கும் அடங்காத மாசு ஒன்றுண்டு. ஈயம், கட்மியம் முதலிய உலோகங்கள் மண்ணிலும் நீரிலும் கலந்திருப்பின், செடி தன் வேரினால் அவற்றை உறிஞ்சித் தன் உடலோடு சேர்த்துக்கொள்கின்றது. இலையின் மேற்புறத்து அழுக்கைக் கழுவலாம். இலைக்குள்ளே சென்றுவிட்டதைக் கழுவ இயலாது. அவித்தாலும் அது அழிவதில்லை. கொழும்பு மாவட்டத்தில் விளைந்தும் விற்கப்பட்டும் வந்த கீரைகளை ஆய்ந்த அறிஞர்கள், சில மாதிரிகளில் இவ்வுலோகங்கள் ஏற்கத்தக்க அளவை மீறியிருக்கக் கண்டுள்ளனர். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் பகை. நெடுங்காலம் சிறிது சிறிதாகச் சேரும் கட்மியம் சிறுநீரகத்தைத் தாக்கும். கீரை உண்பது நலம் என்று குழந்தைக்கு ஊட்டும் தாய்க்கு இச்செய்தி கசப்பாயிருக்கும். ஆயினும் மறைக்கத் தக்கதன்று.

இம்மாசு எங்கிருந்து வந்தது? நெடுஞ்சாலை ஓரத்து மண்ணில் ஈயங் கலந்த பெற்றோலின் புகை பல்லாண்டு படிந்தது. இலங்கையில் அவ்வகைப் பெற்றோல் 2002-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. எனினும் மண்ணிற் சேர்ந்த ஈயம் இலை சருகுபோல் மக்கி மறைவதில்லை. தொழிற்சாலைக் கழிவு, பழைய மின்கலங்கள், பழைய வர்ணப்பூச்சு என்பனவும் தத்தம் பங்கைச் செலுத்துகின்றன. கொலன்னாவைப் பகுதியைச் சேர்ந்த மீதொட்டமுல்லையிலே கொழும்பு நகரின் குப்பை ஆண்டுக்கணக்காக மலைபோல் குவிக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, அம்மலை சரிந்து வீடுகளின்மேல் வீழ்ந்தது. 30 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய குப்பை மேட்டினடியிலிருந்து கசியும் கரிய நீர், அருகேயுள்ள தாழ்நிலத்தை நோக்கியே வழியும். நீரின் இயல்பு அதுதானே.

இதனைக் கேட்டு, சதுப்பு நிலத்திலே முழங்கால் நீரில் நின்று கீரை அறுக்கும் உழவரைக் குறை கூறுவது நியாயமாகாது. அவர் நகரின் குப்பையை உண்டாக்கியவர் அல்லர்; அதன் பயனை முதலில் அனுபவிப்பவர். அன்றியும் இச்சதுப்பு நிலங்கள் இல்லையேல், மாரி காலத்தில் கொழும்பு நகரம் இப்போது காணும் வெள்ளத்தைவிடப் பெரிய வெள்ளத்தைக் காண நேரும். 2018-ஆம் ஆண்டில் ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை உலகிலேயே முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றென்பது பெருமைக்குரியது. அப்பெருமைக்கு உரிய நிலத்தின் நீரை இலையில் வைத்து அஞ்சாமல் உண்ண முடிகின்றதா என்பதும் கேட்கத்தக்க வினாவே.

வீட்டிலிருப்போர் செய்யக்கூடியது யாது? சந்தையில் நின்று, "இது எந்தப் பக்கத்துக் கீரை, தம்பி?" என்று கேட்பதில் இழப்பொன்றுமில்லை. குப்பை மேட்டுக்கும், தொழிற்சாலைக் கால்வாய்க்கும், பெருஞ்சாலைக்கும் விலகிய தோட்டத்துக் கீரையைத் தெரிந்துகொள்ளலாம். ஒரே இடத்துக் கீரையை நாள்தோறும் வாங்காமல் இடத்தையும் வகையையும் மாற்றி மாற்றி வாங்கலாம். அகத்தி, முருங்கை போன்ற மரத்திலைகள் கால்வாய் நீரில் நனையாதவை. வறைக்கும் சுண்டலுக்கும் அவற்றைப் பயன்படுத்தி, வல்லாரைக்கு ஓய்வு கொடுக்கலாம். எல்லாவற்றிலும் மேலான வழி ஒன்றுண்டு. அது பின்னர் கூறப்படும்.

இனித் தயிரைப் பற்றி. கொழும்பில் தயிர் என்றதும் மட்சட்டியில் உறைந்த எருமைத் தயிரே நினைவுக்கு வரும். மட்டக்களப்புத் தயிருக்கும், தெற்கே திஸ்ஸமகாராமைத் தயிருக்கும் பேர் உண்டு. எருமைப் பாலிற் கொழுப்பு மிகுதி. பசுப்பாலில் நூற்றுக்கு 4 பங்கு அளவென்றால் எருமைப் பாலில் 7 பங்கு வரை இருக்கும். மண் சட்டி நீரை உறிஞ்சி வெளிவிடுவதால் தயிர் மேலும் இறுகுகின்றது. கித்துள் பாணி ஊற்றி உண்பதற்கு அது உகந்தது. பச்சடிக்கு அதனைக் கொள்வதாயின் சிறிது குளிர்நீர் சேர்த்துக் கலக்கிக் கொள்ளலாம். கடைகளில் சிறு கிண்ணங்களில் விற்கப்படும் யோகட் பச்சடிக்கு ஆகாது; அதிற் சீனி சேர்க்கப்பட்டிருக்கும். இனிப்பு யோகட்டில் வெங்காயத்தை இட்டவர் மறுமுறை அதனைச் செய்யார்.

வீட்டிலேயே உறைய வைப்பது மேல். பாலைப் பொங்கக் காய்ச்சி, விரலிட்டால் பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40 முதல் 45 பாகை செல்சியஸ் வரை ஆறவிட்டு, ஒரு கரண்டி பழைய தயிரை உறையாக இட்டு மூடி வைத்தால், கொழும்பின் வெப்பத்தில் ஓர் இரவிலே உறைந்துவிடும். உறையிலுள்ள நுண்ணுயிர்கள் பாற்சர்க்கரையின் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றுகின்றன. பால் அருந்தினால் வயிறு உப்புவோர் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது இதனாலேதான். சூடு மிகுந்தால் அந்நுண்ணுயிர்கள் மடியும். எனவேதான், வெந்நீரில் வாட்டிய கீரையாயினும், தாளிதமாயினும், நன்றாக ஆறிய பின்னரே தயிரோடு சேர வேண்டும் என்று பாட்டிமார் சொல்லி வைத்தனர். அவர்கள் நுண்ணுயிரைக் கண்டவரல்லர். தயிர் திரிந்து நீராவதைக் கண்டவர்கள்.

நால்வருக்குப் பச்சடி செய்ய, ஆய்ந்து கழுவிய வல்லாரை இலை இரண்டு பிடி, கட்டித் தயிர் இரண்டு கோப்பை, சின்ன வெங்காயம் ஆறு, பச்சை மிளகாய் ஒன்று, ஒரு சிறு துண்டு இஞ்சி, அரைத் தேசிக்காய், வேண்டிய அளவு உப்பு ஆகியவை போதும். விரும்புவோர் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் சேர்ப்பர். முக்கியமானது ஈரம். கழுவிய கீரையைத் துணியில் பரப்பி, ஒற்றி, நீரை முற்றாகப் போக்கிய பின்னரே அரிதல் வேண்டும். ஈரக் கீரை தயிரை நீர்க்கச் செய்து சுவையைக் கெடுக்கும். இலைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிச் சுருட்டி, கூர்மையான கத்தியால் நூல்போல் அரிக. மழுங்கிய கத்தி இலையை அரியாது நசுக்கும். நசுங்கிய வல்லாரை கறுத்துக் கசக்கும். அரிந்தபின் கழுவவே கூடாது. கழுவினால் நீரிற் கரையும் சத்துகள் நீரோடு போய்விடும்.

வெங்காயத்தையும் மிளகாயையும் இஞ்சியையும் பொடியாக அரிந்து, சிறிது உப்பும் தேசிக்காய்ப் புளியும் இட்டுப் பிசறிச் சில நிமிடம் வைத்தால் வெங்காயத்தின் காரம் தணியும். தயிரைக் கட்டியில்லாமல் அடித்து அதனோடு கலந்து, கீரையைக் கடைசியாக, பந்தியில் வைப்பதற்குச் சற்று முன்னர் சேர்க்க. முன்கூட்டியே சேர்த்தால் உப்பு இலையின் நீரை இழுத்துவிடும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, நற்சீரகம், செத்தல் மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து ஆறவிட்டு மேலே ஊற்றுவது மணத்துக்கு மட்டுமன்று. கீரையின் பச்சை நிறத்துக்குள் மறைந்திருக்கும் கரோட்டின், உடலில் உயிர்ச்சத்து ஏயாக மாறுவது. அது கொழுப்போடு சேர்ந்தாலன்றி நன்கு உறிஞ்சப்படுவதில்லை. ஆடை நீக்கிய தயிரில் எண்ணெயே இல்லாமற் பச்சடி செய்து, அதனையே பத்தியம் என்று கருதுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

பொன்னாங்காணியை எடுப்போர் இளந்தளிரை மட்டும் எடுத்து வாட்டிச் சேர்க்க. முளைக்கீரையைப் பச்சையாக இடுதல் கூடாது. அதில் ஒட்சாலிக் அமிலம் மிகுதி. கொதிநீரில் இட்டு, அந்நீரை வடித்துக் கொட்டினால் அதில் ஒரு பங்கு நீங்கும். சிறுநீரகக் கல்லால் வருந்துவோர் இக்கீரை பற்றி மருத்துவரைக் கேட்டறிதல் நலம். குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் அவ்வாறே. ஒரு நாள் மிகுதியாகவும் மறுநாள் இல்லாமலும் கீரை உண்பது அவர்தம் மருந்தின் அளவைத் தடுமாறச் செய்யும்.

இப்பச்சடியால் உடலுக்கு வருவது யாது என்பதில் மிகைக் கூற்றுகள் பல வழங்குகின்றன. தயிரில் கல்சியமும் புரதமும் உண்டு. 100 கிராம் பசுத்தயிரில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கல்சியம் கிடைக்கும். கீரையில் கரோட்டினும், போலேற்று என்னும் உயிர்ச்சத்தும், நார்ப்பொருளும் உண்டு. நாளொன்றுக்குக் காய்கனிகள் 400 கிராமுக்குக் குறையாமல் உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பகலுணவில் ஒரு கிண்ணப் பச்சடி அந்தக் கணக்குக்குச் சிறு உதவி. ஆனால் இரத்தசோகைக்கு இதுவே மருந்து என்று எண்ணுவது தவறு. கீரையில் இரும்புச்சத்து உண்டெனினும் அதிற் சிறு பங்கையே உடல் ஏற்கும். ஒரே வேளையில் உண்ணும் கல்சியம் அந்தச் சிறு பங்கையும் குறைக்கும். தேசிக்காய்ப் புளி ஓரளவுக்கு ஈடு செய்யும். இரும்புச்சத்து வேண்டியவர்கள் மீன், முட்டை, பயறு வகைகளையும், தயிர் சேராத கீரைச் சம்பலையும் வேறு வேளைகளில் உண்ணல் வேண்டும். சோறு உண்டு கை கழுவியவுடன் ஒரு கோப்பை பிளேன்டீ அருந்தும் பழக்கம் இந்நாட்டில் வேரூன்றியது. தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பெரிதும் தடுக்கின்றது. அதனை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுவது, கீரையை இரட்டிப்பாக உண்பதிலும் பயன் தரும். வல்லாரை நினைவாற்றலை வளர்க்கும் என்பது பழைய நம்பிக்கை. பரீட்சைக்கு முந்திய இரவில் ஒரு கிண்ணம் உண்டு பயன்பெற்ற மாணவரை எவரும் கண்டதில்லை.

இரவிலே கீரையும் தயிரும் ஆகாதென்று நாட்டிலே ஒரு விலக்கு வழங்குகின்றது. மின்விளக்கில்லாத காலத்தில், கைவிளக்கின் மங்கலொளியில் கீரையிலுள்ள புழுவும் பூச்சியும் கண்ணிற்படா. காலையில் உறைந்த தயிரும் இரவுக்குள் புளித்துப்போகும். இவ்விலக்கு அங்கிருந்து பிறந்ததென எண்ண இடமுண்டு. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டிலும் இதற்கு ஒரு பொருள் எஞ்சியிருக்கின்றது. பகலிற் கலந்து மேசைமேல் வைத்த பச்சடியை இரவில் உண்ணலாகாது. கொழும்பின் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைக் கொட்டிவிடுவதே தகும்.

மேலான வழி என்று முன்னர் குறிப்பிட்டது வீட்டிலேயே வல்லாரை வளர்ப்பதாகும். கொலன்னாவையின் நெருங்கிய வீடுகளிலும், வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும் நிலமில்லை என்பது உண்மை. வல்லாரைக்கோ நிலம் வேண்டியதில்லை. அகன்ற ஒரு மட்சட்டி போதும். சந்தையில் வாங்கிய கட்டிலே வேரோடு கூடிய தண்டுகள் சிலவற்றை எறியாமல் எடுத்து நட்டால் அது பற்றிக்கொள்ளும். தரையோடு ஓடும் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் புது வேர்விட்டுப் படரும். காலை வெயிலும், பிற்பகல் நிழலும், எப்போதும் ஈரமும் அதற்கு வேண்டும். மண்ணை வெள்ளம் ஏறும் கால்வாய்க் கரையிலிருந்து அள்ளாமல், நம்பத்தக்க இடத்திலிருந்து பெறுக. பழைய வர்ணத் தகரங்களையும் மின்கலப் பெட்டிகளையும் சாடியாகப் பயன்படுத்தற்க. விலக்க முயன்ற ஈயத்தையே வீட்டுக்குள் வரவழைத்ததாக அது முடியும். அரிசி கழுவிய நீரும், மக்கிய இலையுரமும் ஊட்டமாக அமையும். நட்ட இரண்டு மூன்று மாதங்களில் அறுவடை தொடங்கலாம். முதிர்ந்த வெளியிலைகளைத் தண்டோடு கிள்ளி, நடுக்குருத்தை விட்டுவிட்டால், கிள்ளிய இடம் சில வாரங்களில் மீண்டும் நிறைந்துவிடும். இத்தகைய சட்டி மூன்றை வரிசையாக வைத்து, வாரத்துக்கு ஒன்றாகக் கிள்ளி வரும் வீட்டில், பச்சடிக்கு வேண்டிய இரண்டு பிடி இலைக்குக் குறைவிராது.